நூறு டாலர் ஆள்

சில வருடங்களுக்கு முன்பு அப்பா ஆறு மாதம் எங்களோடு மினியாபொலிஸில் இருந்தார். செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் எங்கள் ஊர் அணியான வைகிங்ஸின் ஆட்டம் ஓடும். அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கே பிடிபட நாலைந்து வருடம் ஆனது. அதை அப்பாவுக்கு விளக்குகிற தெம்பு எனக்கு இல்லை, அவரும் கேட்கவில்லை. தஞ்சாவூர் கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கும் வழக்கைப் பார்க்கிற அதே முகத்தோடு, வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி இருப்பார்.

மூன்றாவது ஞாயிறு திடீரென்று கேட்டார்.

"ஏன்டா, முன்னாடி குனிஞ்சு நிக்கிறானுங்களே நாலு தடியனுங்க, அவனுங்க பந்தைத் தொடவே மாட்டேங்கிறானுங்களே. அவனுங்களுக்கு என்னதான் வேலை?"

இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் யாரும் இதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை.

அந்த நாலு பேர்தான் டிஃபென்சிவ் லைன், தடுப்பு வரிசை. எதிரே ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். சுவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்குப் போனதும் அதை எறிவதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் இந்த நாலு பேரில் ஒருவராவது சுவரைத் தாண்டிப் போய் அவரைச் சாய்க்க வேண்டும், குறைந்தபட்சம் பதற வைக்க வேண்டும். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பதெல்லாம் வில்லை இழுத்து வைப்பது மாதிரிதான். இதில் அநியாயம் என்னவென்றால், பந்து எந்த நொடியில் நகரும் என்பது எதிரே நிற்கிற ஐந்து பேருக்கும் தெரியும். அவர்களுக்குள் ஒரு எண்ணிக்கை வைத்திருப்பார்கள். இவர்களுக்குத் தெரியாது. பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துத்தான் பாய வேண்டும். முந்திப் பாய்ந்தால் ஐந்து கெஜம் அபராதம், பிந்தினால் நூற்றிருபது கிலோ ஆள் ஒருவர் நெஞ்சில் வந்து மோதுவார். அறுபது எழுபதுகளில் இன்னும் மோசம். திறந்த உள்ளங்கையால் எதிராளியின் ஹெல்மெட்டில் ஓங்கி அறைவதைக்கூட விதி அனுமதித்தது. 1977இல்தான் அதற்குத் தடை வந்தது.

அப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "சடுகுடுல பாடிட்டு வர்றவனை மடக்குறாங்கள்ல, அந்த மாதிரி. ஆனா இங்க மடக்குறவனை மடக்கறதுக்கும் அஞ்சு பேரு" என்றேன். பிறகு, அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே, ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "இதே டீம்ல இதே இடத்துல ஆடின ஒருத்தர் இந்த ஸ்டேட்டோட சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருபத்திரண்டு வருஷம் இருந்தார்ப்பா."

வேர்க்கடலை பாதி வழியில் நின்றது. "ஜட்ஜாவா? அடிச்சுப் புரண்டு விழற இவனுங்கள்லேர்ந்தா?"

ஆலன் பேஜ். அன்று ராத்திரி சாப்பாடு முடியும்வரை அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

1945இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரத்தில் பிறந்தவர். எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். கறுப்பினத்துப் பையன் ஒருவன் பெரியவனானால் அந்த ஆலை ஒன்றில் அழுக்கான, ஆபத்தான வேலை பார்க்கலாம், அவ்வளவுதான் அன்றைய கணக்கு. பேஜுக்குச் சின்ன வயதிலேயே வக்கீல் ஆசை. டிவி தொடரில் பெர்ரி மேசன் என்ற வக்கீல் பாத்திரம் வழக்காடுவதைப் பார்த்து வந்த ஆசை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பதின்மூன்று வயதில் அம்மா இறந்துபோனார். படிப்பு, படிப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்த அம்மா.

இந்த விளையாட்டுக்குக் கேன்டன் ஒரு புண்ணியத் தலம் மாதிரி. 1920இல் அங்கே ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசித்தான் தொழில்முறை லீக்கையே, இன்றைய என்.எஃப்.எல்.லை, தொடங்கினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்தின் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' மண்டபத்தை அங்கே கட்டினார்கள், 1963இல் திறந்தார்கள். அந்தக் கட்டட வேலையில் கூலிக்கு நின்ற பள்ளிக்கூடப் பையன்களில் பேஜும் ஒருவர். இருபத்தைந்து வருடம் கழித்து அதே மண்டபத்துக்குள் அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள். இப்படி ஒன்றைக் கதையில் யாராவது எழுதினால் "ரொம்ப ஓவர்" என்று நானே சொல்லியிருப்பேன்.

நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஆடினார். 1966இல் அந்த அணி தேசியச் சாம்பியன். அடுத்த வருடம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், வைகிங்ஸ் அவரை முதல் சுற்றில் பதினைந்தாவது ஆளாக எடுத்தது. ஆறடி நாலங்குல உயரம், எடை நூற்றுப் பத்துக் கிலோ சொச்சம். கல்லூரியில் ஓரத்தில் ஆடியவரை இங்கே நடுவில் நிறுத்தினார்கள், வலப்பக்க டேக்கிள். நெரிசலான இடம், இரண்டு பேர் சேர்ந்து வந்து அமுக்குகிற இடம். அங்கே நிற்பவர்கள் பொதுவாகப் பாறாங்கல் மாதிரி இருப்பார்கள். பேஜின் ஆயுதம் வேகம். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பார்க்கலாம், பந்து அசைந்ததும் மற்ற மூன்று பேர் எழும்போது இவர் ஏற்கெனவே உள்ளே இருப்பார். காவல்காரர் கதவைச் சாத்துவதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்ட பூனை மாதிரி.

கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், ஆலன் பேஜ். ஊதா நிற ஆள்விழுங்கிகள் என்று ஊரே பெயர் வைத்தது. சட்டையின் நிறம் ஊதா. "குவார்ட்டர்பேக்கிடம் சந்திப்போம்" என்பதுதான் நாலு பேருக்குள்ளும் இருந்த ஒப்பந்தம். 1969இல் பதினான்கு ஆட்டங்களில் இந்த அணி மொத்தமே 133 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்தது. ஒரு ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு. டிசம்பரில், பக்கத்து ஊரான ப்ளூமிங்டனின் திறந்தவெளி மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது, எதிரணி பெஞ்சில் ஹீட்டர் எரியும். வைகிங்ஸ் பக்கம் ஹீட்டரே கூடாது என்று பயிற்சியாளர் பட் கிரான்ட் உத்தரவு போட்டிருந்தார். மினசோட்டாவின் டிசம்பர் குளிரில் காருக்கு நடந்து போகும்போதே எனக்குக் கண்ணில் நீர் வரும், அதனால் இந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை எல்லாம் இல்லை.

அந்த மைதானம் இப்போது இல்லை. 1981 சீசனோடு வைகிங்ஸ் அங்கிருந்து கிளம்பிவிட்டது. 1992இல் அதே இடத்தில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் அதே மால்தான். உள்ளே ராட்டினங்களுக்கு நடுவில் தரையில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள், பழைய பேஸ்பால் மைதானத்தின் ஹோம் பிளேட் இருந்த இடம் என்று. ஃபுட்பாலுக்கு அதுகூட இல்லை.

பந்தைத் தொடுகிற விஷயத்துக்கு வருகிறேன். நால்வரில் மூத்தவரான ஜிம் மார்ஷல் ஒருமுறை தொட்டார். 1964இல் சான் ஃபிரான்சிஸ்கோவில். எதிரணி நழுவவிட்ட பந்தை அள்ளி எடுத்து, 66 கெஜம் தலைதெறிக்க ஓடி, எல்லையைத் தாண்டி, சந்தோஷத்தில் பந்தை வீசியும் எறிந்தார். ஓடியது தப்பான பக்கம். எதிரணிக்கு இரண்டு புள்ளி. எதிரணிக்காரர் ஒருவர் வந்து நன்றி சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. இருபது சீசன், 282 ஆட்டம், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார் அந்த மனிதர். ஊர் ஞாபகம் வைத்திருப்பது அந்த 66 கெஜத்தைத்தான். தடுப்பு வரிசைக்காரரின் பிழைப்பு அப்படி. அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

1971இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை பேஜுக்குக் கொடுத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுதான் முதல் தடவை. அப்புறம் 1986இல் லாரன்ஸ் டெய்லர். அவ்வளவுதான், இன்றுவரை இரண்டே பேர். நடுவில் 1982இல் பந்தை உதைக்க மட்டும் மைதானத்துக்குள் வந்துபோகும் ஒருவருக்குக்கூடக் கொடுத்தார்கள். எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற இன்னொரு விஷயம், குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதை, சாக் என்பார்களே, அதை லீக் அதிகாரப்பூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1982இல்தான். பேஜ் ஓய்வுபெற்றது 1981. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டி எண்ணியவர்கள் 148.5 என்கிறார்கள். பதிவேட்டில் அவர் கணக்கு வெறுமை.

லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு நாலு முறை போனார்கள், நாலு முறையும் தோற்றார்கள். மினசோட்டாக்காரர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் இப்போதும் முகம் வாடிவிடும், அதனால் வேகமாகக் கடந்து போகிறேன். பேஜ் அதற்காகப் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏனென்றால் அவர் கவனம் வேறு எங்கோ இருந்தது. ஆட ஆரம்பித்த புதிதில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்றே வாரத்தில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். எழுபதுகளின் நடுவில் மறுபடியும் முயன்றார், இந்த முறை மினசோட்டா பல்கலைக்கழகம். பகலில் வகுப்பு, பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இதோடு ஆட்டக்காரர் சங்க வேலையும் உண்டு. 1974 வேலைநிறுத்தத்தின்போது சங்க நிர்வாகக் குழுவில் இருந்தார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போனால், பழைய அணிக்கு ஈடு என்ன என்பதை லீக் தலைவரே தீர்மானிப்பார் என்று ஒரு விதி இருந்தது. என்ன விலை சொல்வாரோ என்று பயந்து ஒரு அணியும் எடுக்காது. பெயருக்குத்தான் சுதந்திரம், நிஜத்தில் பண்ணையாள். 1975இல் அந்த விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பானது இதே மினியாபொலிஸின் ஃபெடரல் நீதிமன்றத்தில்.

அணி நிர்வாகத்துக்கு இப்படிப்பட்ட ஆளை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஓட்டம். மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பித்தார், துணைக்கு இவரும் போனார். மனைவி சிகரெட்டை விட்டார், இவரால் ஓட்டத்தை விட முடியவில்லை. வாரம் முழுக்க மைல்கணக்கில் ஓடி ஓடி உடம்பு இளைத்தது. நூற்றுப் பத்தைத் தாண்டி இருந்தவர் நூற்றிரண்டு கிலோ பக்கம் வந்துவிட்டார். எங்கள் ஊரில் சர்க்கரை டாக்டர் பாராட்டி அனுப்புவார். பட் கிரான்ட் பாராட்டவில்லை. தடுப்பு வரிசைக்கு இந்த எடை போதாது, ஆட்டம் போய்விட்டது என்றார். 1978 அக்டோபரில், சீசனின் ஆறு ஆட்டம் முடிந்த நிலையில், வைகிங்ஸ் பேஜை விலக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிகாகோ பியர்ஸ் எடுத்தது. லீக் விதிப்படி அதற்குக் கட்டணம் நூறு டாலர்.

நூறு டாலர். லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ப்ரோ பௌலுக்கு ஒன்பது முறை தேர்வானவர், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், அதே வருடம் சட்டப் பட்டத்தைக் கையில் வாங்கியவர்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேஜைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "ஆட்டக்காரர் நீதிபதியானார்" என்றே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அவர் எப்போதுமே வக்கீல்தான், படிப்பு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. தடுப்பு வரிசையில் உடம்புதான் மூலதனம், அந்த உடம்பு அணியின் சொத்து. இவ்வளவு எடை இருக்க வேண்டும், இவ்வளவு தின்ன வேண்டும், வலித்தால் ஊசி போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பேஜ் அந்த உடம்பைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார். வைகிங்ஸ் பொறுக்காமல் போனது எடையை அல்ல, இதைத்தான் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சிகாகோவில் நடந்தது கணக்கில் இருக்கிறது. வைகிங்ஸில் முன்பு பயிற்சியாளர்களாக இருந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பட்டி ரயனும் அப்போது அங்கே இருந்தார்கள். நிலவுக்குப் போனவர் வேறு, இவர் பெயரில் எழுத்தே கொஞ்சம் மாறும். அவர்களுக்கு ஆளைத் தெரியும். "ஆட்டம் போய்விட்ட" பேஜ் பியர்ஸுக்கு இன்னும் 58 ஆட்டம் ஆடினார், தோண்டி எண்ணியவர்கள் கணக்கில் 40 சாக். வைகிங்ஸில் ஆடிய 160ஐயும் சேர்த்தால் 218. பதினைந்து சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. நடுவில் 1979இல் மராத்தான் வேறு ஓடி முடித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே மராத்தான் முடித்த முதல் என்.எஃப்.எல். வீரர் அவர்தான்.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மறப்பதில்லை. அணியின் வியூகங்கள் அடங்கிய பிளேபுக்கை ஆளுக்குக் கொஞ்சம் சத்தமாகப் படிக்கச் சொன்னார்களாம். முறை வந்தபோது சிலர் திணறினார்கள். கல்லூரி வழியாக வந்தவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. ஓட்டமும் பாய்ச்சலும் இருந்ததால் ஒவ்வொரு வகுப்பிலும் யாரோ கைதூக்கி விட்டிருக்கிறார்கள்.

1988இல் கேன்டன் மண்டபத்தில் அவரை ஏற்றபோது, வழக்கப்படி ஒருவர் மேடையில் அறிமுகப்படுத்த வேண்டும். பழைய பயிற்சியாளர், சக ஆட்டக்காரர் என்று யாரையாவது கூப்பிடுவார்கள். பேஜ் கூப்பிட்டது வில்லரீன் பீஸ்லி என்ற மினியாபொலிஸ் பள்ளித் தலைமையாசிரியரை. பேச்சு முழுக்கப் படிப்பைப் பற்றி. அதே வருடம் அவரும் டயானும் ஓர் உதவித்தொகை அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பணம் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது நிபந்தனை.

நீதிபதி ஆன கதைதான் அப்பாவை நிஜமாகவே உட்காரவைத்தது. மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குத் தேர்தல் உண்டு.

"ஜட்ஜுக்கு எலெக்‌ஷனா? ஓட்டுக் கேட்டு வீடு வீடா வருவாரா?"

"காகிதத்துல எலெக்‌ஷன். நிஜத்துல பெரும்பாலும் நடுவுல ஒருத்தர் ராஜினாமா பண்ணுவார், கவர்னர் ஒருத்தரை நியமிப்பார்."

"அதானே பார்த்தேன்" என்றார் அப்பா, ஏதோ நிம்மதியோடு.

பேஜ் அப்போது மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் வக்கீல். 1992இல் தேர்தலுக்கு வரவேண்டிய ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை கவர்னர் ஆர்னி கார்ல்சன் நீட்டித்துவிட்டார், அதனால் அந்த இடத்துக்குத் தேர்தலே கிடையாது என்றானது. பேஜ் கவர்னர்மேலேயே வழக்குப் போட்டார், ஜெயித்தார். தேர்தல் நடந்தது, அதிலும் ஜெயித்தார். 1993 ஜனவரியில் பதவியேற்றபோது அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. கருத்து வேறுபாட்டுத் தீர்ப்புகளைத் தனியாக எழுதத் தயங்காதவர் என்று பெயர். 2009இல் அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்த செனட் தேர்தல் வழக்கு, ஏறத்தாழ முப்பது லட்சம் ஓட்டில் 312 வித்தியாசம். வாக்கு மறு எண்ணிக்கைக் குழுவில் இருந்ததால் தலைமை நீதிபதி ஒதுங்கிக்கொள்ள, விசாரணையன்று நடு நாற்காலியில் உட்கார்ந்து நடத்தியவர் பேஜ். கழுத்தில் வழக்கம்போல போ டை.

2015இல் எழுபது வயதானதும் சட்டப்படி ஓய்வு. "நம்ம ஊர்ல ஹைகோர்ட்டுக்கு அறுபத்திரண்டு, சுப்ரீம் கோர்ட்டுக்கு அறுபத்தஞ்சு" என்று அப்பா எனக்குத் தகவல் சொன்னார். 2017இல் மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பிருந்த பெயர், டகோட்டா பழங்குடிகளை ஒழித்துக்கட்டச் சொன்ன பழைய கவர்னர் ஒருவருடையது. மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் மாணவர்கள்.

உடம்பைப் பற்றி இன்னும் ஒன்று. பேஜின் ஒரு சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராது. ஆடிய நாள்களில் மூட்டு பலமுறை பிசகி, கடைசியில் பக்கவாட்டில் செங்குத்தாக, எல் எழுத்து மாதிரி நின்றுவிட்டது. பள்ளிகளுக்குப் போகும்போது பிள்ளைகள் சாக் கணக்கையும் கேட்பதில்லை, தீர்ப்பையும் கேட்பதில்லை, அந்த விரலைத்தான் கேட்கிறார்கள். கடைசியில் ஆசிரியையான தன் மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதிவிட்டார்.

அக்டோபர் முதல் ஞாயிறு எங்கள் ஊர் மராத்தான். மினியாபொலிஸில் தொடங்கி, ஏரிகளைச் சுற்றி, செயின்ட் பாலில் மாநில சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் முடியும். என் அலுவலக நண்பர் ஓடினார், அவருக்குக் கைதட்ட வேண்டும். அப்பாவுக்கு ஸ்வெட்டர், அதன்மேல் என் ஜாக்கெட், மங்கி குல்லாய் எல்லாம் மாட்டி, மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் காபியுமாக ஆரம்ப மைல்களிலேயே ஒரு திருப்பத்தில் இடம்பிடித்தோம். நான் வேண்டுமென்றேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டக்காரர்கள் வர ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'பூம், பூம்' என்று அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். உயரமான மனிதர் ஒருவர் சூசஃபோன் வாசித்துக்கொண்டிருந்தார். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்குமேல் வாயைப் பிளக்குமே, அந்தப் பித்தளை வாத்தியம். ஓடுகிறவர்கள் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். ராகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூம், பூம், பூம்.

"யாருடா அது, கல்யாணத்துக்கு வந்த பேண்டு செட்டு மாதிரி?"

"அவர்தான்ப்பா. பேஜ்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஜட்ஜா?"

"ஆமா."

காபி டம்ளரை என் கையில் கொடுத்தார். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஊன்றி, முழங்கால் வலியோடு மெதுவாக எழுந்தார். மங்கி குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் குளிரில் நேராக நின்றார்.